காணிக்கைக்குக் கணக்கு உண்டா?

1950ஆம் வருடம், டிசம்பர் மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் பல வாரம் சுவிசேஷக் கூட்டம் நடத்தி முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார் ஓர் இளம் பிரசங்கியார். பெயர் பில்லி கிரஹாம். வயது முப்பத்திரண்டு. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். அந்தக் காலத்து வழக்கப்படி, கடைசியில் ஒரு காணிக்கை எடுப்பார்கள். 'அன்பின் காணிக்கை' என்று பெயர். அது முழுக்க முழுக்கப் பிரசங்கியாருக்கு. யாரும் தப்பாக நினைத்ததில்லை. காலம் காலமாக நடப்பதுதானே?

மறுநாள் 'அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்' பத்திரிகை இரண்டு போட்டோக்களை அக்கம்பக்கமாகப் போட்டது.

ஒன்றில், கூட்டத்தில் உதவி செய்த ஆட்கள் காணிக்கைப் பண மூட்டைகளோடு நிற்கிறார்கள். இன்னொன்றில், பில்லி கிரஹாம் சிரித்த முகத்தோடு காரில் ஏறி டாட்டா காட்டுகிறார்.

அவ்வளவுதான். கீழே பெரிதாக எதுவும் எழுதத் தேவையே இல்லை. பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். கிரஹாம் ஒரு பைசா திருடவில்லை. ஆனாலும் நொந்துபோனார். இனி இந்த அன்பின் காணிக்கை வேண்டாம் என்று முடிவெடுத்தார். தன் பெயரில் இருந்த சங்கத்துக்கு நிர்வாகக் குழு, கணக்கு, தணிக்கை எல்லாம் வைத்தார். 1952லிருந்து தனக்கு மாதச் சம்பளம். வருடத்துக்கு 15,000 டாலர். ஒரு பெரிய நகரத்துச் சபையின் போதகர் என்ன வாங்குவாரோ, அதே. கூட்டத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் அதே சம்பளம். லட்சம் பேர் வந்தாலும் அதே சம்பளம்.

எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வரை அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

சர்ச்சுக்கு வரி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோயில், மசூதி, யூத ஆலயம், எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் அதே சலுகைதான். பலருக்குத் தெரியாத சங்கதி வேறு. அங்கே சர்ச்சுக்கு வரி மட்டுமல்ல, கணக்கும் கிடையாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாருக்கு என்ன சம்பளம்? வெளியே யாருக்கும் காட்டவேண்டியதில்லை. அரசாங்கத்துக்கும் வேண்டாம். காணிக்கை போட்டவனுக்கும் வேண்டாம்.

வரி விலக்கு ஒன்று. கணக்கு விலக்கு இன்னொன்று. இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி தெரியும். ஆனால் ஒட்டிப் பிறக்கவில்லை. நடுவில் யாரோ ஒட்ட வைத்தார்கள். எப்போது, எப்படி என்பதுதான் கதை.

*

முதல் பிள்ளை ரொம்ப வயதானது. பைபிளின் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. எகிப்தில் பஞ்சம். யோசேப்பு நாட்டு நிலத்தையெல்லாம் பார்வோன் மன்னனுக்காக வாங்கிப்போட்டு, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு வரி என்று சட்டம் போடுகிறார். பூசாரிகளின் நிலத்துக்கு மட்டும் விலக்கு.

அப்புறம் ரோம் சாம்ராஜ்யம். நாலாம் நூற்றாண்டின் தொடக்கம். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கிறிஸ்தவத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட கையோடு, குருமார்களுக்கு ஒரு சலுகையும் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஊரில் வசதியானவர்கள் நகர சபையில் உட்கார்ந்து, வரி வசூல் போன்ற பொதுக் காரியங்களைச் சொந்தப் பொறுப்பில் பார்த்தாக வேண்டும். வசூல் குறைந்தால் கைக்காசு போகும். குருமாருக்கு அந்தத் தொல்லை வேண்டாம், அவர்கள் ஜெபம் செய்யட்டும் என்றார் சக்கரவர்த்தி.

என்ன ஆகியிருக்கும்? சரியாக ஊகித்துவிட்டீர்கள். ஊரில் இருந்த பணக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று பக்தி பொங்கிவிட்டது. நான் குரு, நீ குரு என்று வரிசையில் நின்றார்கள். சில வருடங்களிலேயே, நகர சபைக்குக் கடமைப்பட்ட வசதியான ஆசாமிகள் குருவாகக் கூடாது என்று கான்ஸ்டன்டைனே தடை போடவேண்டியதாயிற்று. சலுகையின் முதல் துஷ்பிரயோகமும், அதற்கான முதல் திருத்தமும் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டன.

அமெரிக்காவுக்கு வருவோம். ஆரம்பத்தில் அங்கே பல காலனிகளில் நிலைமை தலைகீழ். சர்ச் வரி கட்டவில்லை என்பது இருக்கட்டும். சர்ச்சுக்காக ஜனங்கள் வரி கட்டினார்கள்! போதகரின் சம்பளம் ஊர் வரியிலிருந்து. 1791ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, மத்திய அரசு எந்த மதத்தையும் அரசு மதமாக்கக் கூடாது என்றது. ஆனால் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சர்ச் வரியை 1833ல்தான் கைகழுவியது. வரி போனது. சர்ச் சொத்துக்கான விலக்கு மட்டும் எல்லா மாநிலத்திலும் தங்கிவிட்டது.

இதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு ஜனாதிபதி உண்டு. யுலிசஸ் கிராண்ட். உள்நாட்டுப் போரில் ஜெயித்த தளபதி. 1875 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டு உரையில் ஒரு கணக்குப் போட்டார். 1850ல் வரி கட்டாத சர்ச் சொத்தின் மதிப்பு சுமார் 8 கோடியே 30 லட்சம் டாலர். பத்து வருடத்தில் அது இரண்டு மடங்கு. 1875ல் சுமார் 100 கோடி. இப்படியே விட்டால் 1900ல் 300 கோடியைத் தாண்டிவிடும். ஆகவே, கல்லறைத் தோட்டம், வேண்டுமானால் வழிபாட்டுக் கட்டடம், இவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற சொத்துக்கெல்லாம் வரி போடுங்கள் என்றார்.

காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி.

வருமான வரி என்று ஒன்று வந்தபோதும் இதே கதைதான். 1894ல் வந்த சட்டத்திலும் மத அமைப்புகளுக்கு விலக்கு. அதை உச்ச நீதிமன்றம் அடுத்த வருடமே தூக்கி எறிந்தது. மறுபடி 1913ல் வந்த சட்டத்திலும் விலக்கு. 1917ல், காணிக்கை கொடுப்பவருக்கும் வரிச் சலுகை. வாங்குகிறவருக்கும் கிடையாது, கொடுக்கிறவருக்கும் கிடையாது.

*

ஏன் சார், இது அநியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எதிர்த் தரப்பு நியாயத்தையும் கேட்டுவிடலாம். அது லேசுப்பட்ட நியாயம் அல்ல.

வரி போடுகிற அதிகாரம் என்பது அழிக்கிற அதிகாரத்தையும் உள்ளடக்கியது என்று 1819லேயே அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொல்லிவிட்டார். சும்மா வசனமில்லை. 1960ல் நடந்ததைப் பாருங்கள்.

அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். கறுப்பர்கள் பஸ்ஸில் உட்காரும் உரிமைக்காகப் போராடி ஜெயித்துவிட்டார்கள். போராட்டத்தை நடத்தியவர் ஒரு சர்ச்சின் போதகர். மார்ட்டின் லூதர் கிங். ஆளை எப்படி மடக்குவது? மாநில அரசு அவருடைய வருமான வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. 1956, 1958 வருடக் கணக்குகளில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் என்று கிரிமினல் வழக்கு. சர்ச் பணத்தையும் இயக்கத்தின் பணத்தையும் சுருட்டியவர் என்று பெயர் வாங்கித் தருவதுதான் நோக்கம். அந்தச் சட்டப் பிரிவில் அதற்கு முன் யார்மீதும் வழக்குப் போட்டதே இல்லை.

கிங் ஒடிந்துபோனார். சிறைக்குப் போவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. பணத்தைத் தின்றவன் என்ற பேச்சு வந்தால்? பத்து சென்ட், இருபது சென்ட் போட்ட ஏழை ஜனங்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? கணக்கு. வரவு செலவை டைரியில் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம் கிங்குக்கு இருந்தது. அவருடைய வக்கீல்கள் வரி வரியாகப் பார்த்தார்கள். மனிதர் சுத்தம். அரசுத் தரப்பில் சாட்சி சொல்ல வந்த வரி அதிகாரியே, மோசடிக்கு ஆதாரம் எதுவும் தனக்குத் தென்படவில்லை என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். 1960 மே மாதம், பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் கொண்ட ஜூரி, அதுவும் அந்தக் கால அலபாமாவில், குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னது. நம்பவே முடியவில்லை, யாருக்கும்.

இந்த வழக்கில் இரண்டு பாடம் இருக்கிறது. வரி அதிகாரி கையில் சர்ச்சைக் கொடுத்தால் அது ஆயுதமாகும். சரி. ஆனால் கணக்கு வைத்திருக்கிறவனை அந்த ஆயுதம் தொடாது. அமெரிக்கா முதல் பாடத்தை நன்றாகப் படித்தது. இரண்டாவதை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டது.

பத்து வருடம் கழித்து, நியூயார்க்கில் பிரெடரிக் வால்ஸ் என்ற வக்கீல் ஒரு காரியம் செய்தார். ஸ்டேட்டன் தீவில் கைக்குட்டை சைஸில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். வருட வரி 5 டாலர் 24 சென்ட். சர்ச்சுகள் கட்டாத வரியையும் சேர்த்து என் தலையில் கட்டுகிறீர்கள், அப்படியானால் நான் விரும்பாமலே சர்ச்சுக்குக் காணிக்கை கொடுக்கிறேன் என்று அர்த்தம், இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். அஞ்சே கால் டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1970 மே மாதம் தீர்ப்பு. ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வால்ஸ் தோற்றார். தலைமை நீதிபதி வாரன் பர்கர் சொன்ன காரணம் சுவாரசியமானது. விலக்கு கொடுத்தாலும் அரசுக்கும் சர்ச்சுக்கும் கொஞ்சம் சம்பந்தம் வரத்தான் செய்கிறது. ஆனால் வரி போட்டால் இன்னும் அதிகம் வரும். சொத்தை மதிப்பிடவேண்டும், பாக்கிக்கு ஜப்தி செய்யவேண்டும். ஆகவே, தள்ளி நிற்பதே உத்தமம்.

கவனித்தீர்களா? வழக்கு வரியைப் பற்றியது. தீர்ப்பும் வரியைப் பற்றியது. கணக்குக் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேலையை அதற்கு முந்தைய வருடமே காங்கிரஸ் செய்துவிட்டிருந்தது.

*

1969. வரிச் சீர்திருத்தச் சட்டம்.

அதற்கு முன்பு அமெரிக்க சர்ச்சுகள் எந்த வியாபாரம் செய்தாலும் லாபத்துக்கு வரி இல்லை. மற்ற தர்ம ஸ்தாபனங்களுக்கு 1950லேயே கடிவாளம் போட்டுவிட்டார்கள். சர்ச்சுக்கு மட்டும் இல்லை. விளைவு? ஒஹாயோ மாநிலத்தில் டி.வி. பிரசங்கத்துக்குப் பேர்போன ஒரு சர்ச், நியூயார்க்கில் ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கியது. என்ன கம்பெனி? பெண்கள் இடுப்பைச் சிக்கென்று காட்ட உள்ளே அணிகிற இறுக்கு ஆடை தயாரிக்கிற கம்பெனி. சொன்னால் சிரிப்பீர்கள். காங்கிரசிலும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். சம்பந்தமில்லாத வியாபாரம் செய்தால் சர்ச்சும் வரி கட்டவேண்டும். நியாயமாகச் சொல்லவேண்டும், பெரிய சபைகளின் கூட்டமைப்புகளே இதற்கு ஆதரவு தெரிவித்தன.

அதே சட்டத்தில் இன்னொரு அம்சம். வரி விலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனங்கள் வருடா வருடம் '990' என்ற படிவத்தில் கணக்குக் கொடுக்கவேண்டும். எவ்வளவு வரவு, எதற்குச் செலவு, தலைவர்களுக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம். இன்றைக்கு அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். பத்திரிகைக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், யாராக இருந்தாலும். தெரு நாய்களுக்குக் காப்பகம் நடத்துகிற சின்ன சங்கம்கூட ஏதாவது ஒரு வடிவத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். 2006ல் வந்த சட்டப்படி, மூன்று வருடம் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரி விலக்கு தானாகப் போய்விடும்.

சர்ச்சுகளுக்கு மட்டும் 990 வேண்டாம்.

சர்ச் என்று பதிவு செய்துகொள்ளக்கூட வேண்டாம். சர்ச்சாக இருந்தால் போதும், விலக்கு தானே வந்துவிடும். இரண்டு பிள்ளைகளையும் கெட்டியாக ஒட்ட வைத்தது இந்தச் சட்டம்தான்.

*

வகுப்பில் காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். முதலாளி வேறு, கடை வேறு. கல்லாவில் இருப்பது கடைப் பணம், சட்டைப் பையில் இருப்பதுதான் முதலாளியின் பணம். கல்லாவில் கை வைத்தால் எழுதிவிட்டுத்தான் வைக்கவேண்டும். இந்தச் சின்னப் பாடம் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம் பேக்கர் கதை.

தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் மில்லில், ஜிம் பேக்கரும் மனைவி டாமி ஃபேயும் ஒரு கிறிஸ்தவ உல்லாச நகரத்தையே கட்டினார்கள். ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. நீச்சல் பூங்கா, ஹோட்டல், கடைவீதி எல்லாம் உண்டு. கூடவே 'பி.டி.எல்.' என்று ஒரு டி.வி. சானல். தினமும் நிகழ்ச்சி, தினமும் கண்ணீர், தினமும் காணிக்கை வேண்டுகோள். சட்டத்தின் பார்வையில் இந்த சாம்ராஜ்யத்தின் பெயர், 'ஹெரிடேஜ் வில்லேஜ் சர்ச்'. ஆமாம், சர்ச்.

1984ல் பேக்கர் ஒரு திட்டம் அறிவித்தார். 1,000 டாலர் கொடுங்கள். ஆயுள் கூட்டாளி ஆகிவிடுவீர்கள். வருடா வருடம் மூன்று ராத்திரி எங்கள் ஹோட்டலில் இலவசமாகத் தங்கலாம், உயிரோடு இருக்கும்வரை. முதல் ஹோட்டலுக்கு 25,000 கூட்டாளிகள் மட்டும்தான், சீக்கிரம் முந்துங்கள்!

முந்தினார்கள். 25,000 பேர் என்று சொன்ன இடத்தில் 66,000 பேருக்கு மேல் விற்றார்.

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் சுமார் 500 அறை. வருடத்துக்கு 365 ராத்திரி. பெருக்கினால் 1,82,500. கூட்டாளிகள் 66,000 பேருக்கு ஆளுக்கு மூன்று ராத்திரி என்றால் 1,98,000. அதாவது, வேறு ஒரு வாடிக்கையாளரைக்கூட உள்ளே விடாமல், வருடம் முழுக்க எல்லா அறையையும் கொடுத்தாலும் பத்தாது. ஐந்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. ஆனால் கணக்குப் போட எண்கள் வேண்டுமே? எத்தனை பேருக்கு விற்றார் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. காட்டச் சொல்ல சட்டம் இல்லை.

எல்லா வகையும் சேர்த்து ஒன்றரை லட்சம் பங்குகளுக்கு மேல் விற்று, 15 கோடியே 80 லட்சம் டாலர் வசூல். இரண்டாவது ஹோட்டலுக்கென்று வாங்கிய பணம் தினசரிச் செலவுக்குப் போனது. கட்டடம் பாதியில் நின்றது. ஆனால் பேக்கருக்கு போனஸ் நிற்கவில்லை. மொத்தம் 37 லட்சம் டாலரை அப்படி எடுத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் வீட்டு நாய்க்கூண்டுக்கு ஏ.சி. போட்டிருந்தது அமெரிக்கா முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒரு பெண் விவகாரத்தை வெளியே வராமல் அமுக்க, இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் பேரம் நடந்தது. அதுவும் பி.டி.எல். பணம்தான்.

இதையெல்லாம் தோண்டி எடுத்தது அரசாங்கம் அல்ல. 'சார்லட் அப்சர்வர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகை. அதற்காக 1988ல் புலிட்சர் பரிசு வாங்கியது. 1987 மார்ச்சில் பேக்கர் ராஜினாமா செய்தார். 1989ல் இருபத்து நாலு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. 45 வருடச் சிறை, 5 லட்சம் டாலர் அபராதம். தண்டனை சொன்ன நீதிபதி தன் சொந்த மத உணர்வைக் கலந்து பேசிவிட்டார் என்று மேல் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து, 1994ல் வெளியே வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1977ல் இதே 'சார்லட் அப்சர்வர்', பில்லி கிரஹாமோடு சம்பந்தப்பட்ட, வெளியே அதிகம் தெரியாத சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் நிதி ஒன்றைப் பற்றி எழுதியது. பணம் எங்கேயும் போகவில்லை, ஆனால் சொல்லவில்லை. செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்ட், நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சட்டம் வரும் என்று சுவிசேஷத் தலைவர்களை எச்சரித்தார். 1979ல் 'இ.சி.எஃப்.ஏ.' என்ற அமைப்பு பிறந்தது. உறுப்பினர்கள் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டால் காட்டவேண்டும். கிரஹாமின் சங்கமும் இதில் முன்னால் நின்றது. பேக்கரின் பி.டி.எல்.கூட உறுப்பினர்தான்! நெருக்கியபோது 1986 டிசம்பரில் விலகிக்கொண்டது. விருப்பமிருந்தால் சேரலாம், விருப்பமில்லாவிட்டால் விலகலாம் என்ற ஒழுங்கு அவ்வளவுதான் தாங்கும்.

*

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? கையைக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டது காங்கிரஸ்.

1984ல் சர்ச் தணிக்கை நடைமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. வரித்துறையில் மிக உயர்ந்த நிலையில் இருக்கும் அதிகாரி, நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று எழுத்தில் பதிவு செய்தால்தான் ஒரு சர்ச்சை விசாரிக்கவே ஆரம்பிக்கலாம். மண்டல ஆணையர் அல்லது அதற்கு மேல். 1998ல் துறையைச் சீரமைத்தபோது மண்டல ஆணையர் பதவியே ஒழிந்துபோனது. கீழே இருந்த ஓர் அதிகாரிக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். 2009ல் மின்னசோட்டா கோர்ட், இவர் போதுமான அளவு பெரிய அதிகாரி இல்லை என்று சொல்லிவிட்டது. பூட்டு இருக்கிறது, சாவி வைத்திருந்தவரின் பதவி இல்லை!

அந்த 1984 சட்டத்தைச் செனட்டில் கொண்டுவந்தவர் அயோவாவைச் சேர்ந்த சார்லஸ் கிராஸ்லி. அதே கிராஸ்லிதான் 2007 நவம்பரில் ஆறு பிரபல டி.வி. ஊழியங்களுக்குக் கடிதம் எழுதினார். கென்னத் கோப்லாண்ட், கிரெஃப்லோ டாலர், பென்னி ஹின், எடி லாங், ஜாய்ஸ் மேயர், ராண்டி - பவுலா ஒயிட். சம்பளம் எவ்வளவு? விமானம் யார் பெயரில்? வீட்டுச் செலவு யார் பணத்தில்?

ஜாய்ஸ் மேயருக்கு அனுப்பிய கடிதத்தில் 23,000 டாலர் 'கமோடு' ஒன்றைப் பற்றிக் கேள்வி இருந்தது. போதாதா? தங்கத்தில் டாய்லெட் வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. விஷயம் என்னவென்றால், மேஜை நாற்காலி வியாபாரத்தில் கமோடு என்றால் பளிங்குக் கல் பதித்த, இழுப்பறை வைத்த பழங்கால அலமாரி. மேயர் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோனார். ஆனால் அவர் முழுக் கணக்கையும் கொடுத்தார். 2009ல் இ.சி.எஃப்.ஏ.விலும் சேர்ந்துகொண்டார். பென்னி ஹின்னும் ஒத்துழைத்தார். மற்ற நாலு பேரும் அரைகுறையாகக் கொடுத்தார்கள், அல்லது கொடுக்கவே இல்லை.

2011 ஜனவரியில் கிராஸ்லி அறிக்கையோடு கதை முடிந்தது. தண்டனை இல்லை, அபராதம் இல்லை. இ.சி.எஃப்.ஏ.வே ஒரு குழு போட்டு ஆலோசனை சொல்லட்டும் என்றார். அந்தக் குழு அடுத்த வருடம் சொன்ன ஆலோசனை: சர்ச்சுகளுக்கு 990 வேண்டாம். 2015ல் அதே கிரெஃப்லோ டாலர், பெயரே டாலர்தான், நான் என்ன செய்ய? 6 கோடியே 50 லட்சம் டாலரில் ஜெட் விமானம் வாங்க, இரண்டு லட்சம் பேர் ஆளுக்கு 300 டாலர் கொடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்.

கிரஹாமின் சங்கமே, மகன் ஃபிராங்க்ளின் தலைமையில், 'சர்ச்சுகளின் கூட்டமைப்பு' என்று தன் வகையை மாற்றிக்கொண்டு 990 கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2016ல் செய்தி வெளியே வந்தது. தணிக்கை அறிக்கையை அவர்களாகவே வெளியிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நானாகக் காட்டுவது வேறு, காட்டித்தான் ஆகவேண்டும் என்பது வேறு.

கணக்கை மறைப்பவர்கள் எல்லோரும் சுருட்டுபவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மார்மன் சபையைப் பாருங்கள். உறுப்பினர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை தசமபாகமாகக் கொடுக்கிறார்கள். 1959 வரை சபை தன் செலவுக் கணக்கை வருடாந்திர மாநாட்டில் வாசித்தது. அப்புறம் நிறுத்திவிட்டது. அன்றைக்குக் கணக்கில் பற்றாக்குறை. பிறகு சிக்கனமாக இருந்து, சேர்த்து, முதலீடு செய்து, 2019ல் ஒரு முன்னாள் ஊழியர் வரித்துறைக்குக் கொடுத்த புகார் வெளியானபோது தெரிந்த தொகை, சுமார் 10,000 கோடி டாலர். பங்குச் சந்தையில் பெரிய முதலீட்டாளர்கள் எந்தெந்தப் பங்கு வைத்திருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லவேண்டும் என்பது சட்டம். இவர்கள் பதின்மூன்று லெட்டர்பேடு கம்பெனிகளின் பெயரில் பிரித்துக் காட்டினார்கள். 2023 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஆணையம் போட்ட அபராதம், சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர். தவறுக்கு வருந்துகிறோம், வக்கீல்களின் ஆலோசனைப்படி செய்தோம் என்றது சபை.

யாரும் ஒரு டாலரைத் திருடினார்கள் என்று ஆணையம் சொல்லவில்லை. பிறகு எதற்கு மறைத்தார்கள்? அந்த முதலீட்டு நிறுவனத்தின் தலைவரே 2020ல் ஒரு பேட்டியில் காரணம் சொன்னார். இவ்வளவு இருப்பது தெரிந்தால் ஜனங்கள் தசமபாகம் கொடுக்கவேண்டாம் என்று நினைத்துவிடலாம் என்ற கவலைதான்.

அந்த பதிலை இன்னொரு முறை படியுங்கள். கணக்கை மறைத்தது அரசாங்கத்துக்குப் பயந்து அல்ல. கொடுத்தவனுக்குப் பயந்து!

இத்தனைக்கும் அதே மார்மன் சபை இங்கிலாந்தில் வருடா வருடம் கணக்குக் கொடுக்கிறது. அங்கே தர்ம ஸ்தாபன ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும், கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு. வரிச் சலுகையும் உண்டு, கணக்கும் உண்டு. அங்கே எந்தச் சபையின் சுதந்திரமும் பறிபோய்விடவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டையும் பிரிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

*

இதெல்லாம் கடவுள் சமாச்சாரம், கணக்குக் கேட்பது அவநம்பிக்கை என்பார்கள் சிலர். பைபிளையே கேட்கலாம். இயேசுவின் சீடர்களில் பணப்பையை வைத்திருந்தது யார்? யூதாஸ். பையில் இருந்து எடுத்துக்கொள்வான் என்று யோவான் எழுதியிருக்கிறார். சர்ச்சின் முதல் பொருளாளரே கைநீளக்காரர். அது தெரிந்ததாலோ என்னவோ, எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகக் காணிக்கை வசூலித்தபோது பவுல் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையை வைத்து யாரும் எங்களைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று கொரிந்து சபைக்குக் காரணமும் எழுதினார். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று அவர் விடவில்லை. மனிதர்களுக்கும் தெரியவேண்டும் என்றார்.

சர்ச்சுக்கு வரி போடவேண்டுமா? அது பெரிய விவாதம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு நடந்ததை நினைத்தால் எனக்கும் தயக்கம் வருகிறது. ஆனால் கணக்குக் காட்டுவதில் என்ன விவாதம் இருக்க முடியும்? நல்ல ஊழியத்துக்கு அது கேடயம். கெட்ட ஊழியத்துக்கு மட்டும்தான் அது கத்தி.

ஜிம் பேக்கரின் ஆயுள் கூட்டாளிகள் என்ன ஆனார்கள் என்று சொல்லவில்லையே. பென்ஷன் பணத்தில், சேமிப்பில் ஆயிரம் டாலர் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். வருடா வருடம் மூன்று ராத்திரி என்ற கனவு ஒரே வருடத்தில் போனவர்கள் உண்டு. ஒரு ராத்திரிகூடத் தங்காதவர்களும் உண்டு. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2003ல் நஷ்டஈட்டுப் பணம் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

தலைக்கு 6 டாலர் 54 சென்ட்.

வக்கீல் வால்ஸ் தன் துண்டு நிலத்துக்குக் கட்டிய வரியைவிட ஒரு டாலர் முப்பது சென்ட் கூடுதல். அவ்வளவுதான்.